வளையமில்லாத குஞ்சுகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தைந்து. இதென்ன தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடந்தது அப்படித்தான்.

குருவின் பெயர் ஹெப்சிபா. தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரு பறவை ஆய்வு நிலையத்தில் பேராசிரியர். குருவி, மைனா, கரிச்சான், காகம் என்று கிளையைப் பற்றி உட்காருகிற பறவைகளுக்குப் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு வேலை வரும். இரண்டு கேள்வி கேட்டால் இரண்டு வேலை. அதனால் மாணவர்கள் அவர் முன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

சீடரின் பெயர் குற்றாலிங்கம். எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற உத்தியோகம். அந்தக் காலத்தில் விலங்கியல் படித்துவிட்டு, கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிட்டார். பறவை ஆசை மட்டும் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது வீட்டில் ஒரே சிரிப்பு. “பேரன் எடுக்க வேண்டிய வயசுல பரீட்சை எழுதப் போறாராம் உங்கப்பா” என்று அவர் மனைவி மகளிடம் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று வந்துவிட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது தவிட்டுக்குருவி. பார்த்திருப்பீர்கள். மண் நிறத்தில், கூட்டமாக, தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிக்கொண்டு, நாள் முழுக்க வாய் ஓயாமல் திரியும். நிலையத்தில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று சமையல்கூடத்துப் பக்கம். இன்னொன்று கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓடைக்கரையில்.

சோதனை இதுதான். இரண்டு பக்கமும் திறந்த ஒரு கண்ணாடிக் குழாய். நடுவில் ஒரு புழு. பறவைக்குப் புழு நேரே தெரியும். நேரே கொத்தினால் கண்ணாடியில் அலகு இடிக்கும். ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் சுற்றிப் போனால் புழு கிடைக்கும். சுற்றிப் போனால் தேறியது. கண்ணாடியைக் கொத்தினால் தோற்றது. இதைத்தான் மூன்று வருஷமாக வெயில் மழை பார்க்காமல் செய்து முடித்தார் குற்றாலிங்கம். முடித்து, தடியான ஆய்வேட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு குருவின் அறைக்கு வந்தார்.

“கையெழுத்து வேணும் மேடம். மாசக் கடைசிக்குள்ள கொடுத்திரணும். இல்லன்னா பதிவு காலாவதி ஆயிரும்.”

“முடிவு என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“சமையல்கூடத்துக் கூட்டம் படு கெட்டி. மனுஷன் பக்கத்துலயே இருந்து புத்தி தீட்டிக்கிட்டுது. ஓடைக்கரைக் கூட்டம் மந்தம். ஒண்ணுகூடத் தேறல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல மேடம்.”

“ஒரு குடும்பம் மொத்தமும் மக்காவா இருக்கும்?”

“எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா கணக்கு அப்படித்தான சொல்லுது?”

“ஓடைக்கரையில எடுத்த வீடியோ எதாவது ஒண்ணு போடுங்க” என்றார் ஹெப்சிபா.

குற்றாலிங்கம் மடிக்கணினியைத் திறந்து போட்டார். ஒரு பறவை அவசரமாக வந்தது. கண்ணாடியை ஒரே கொத்து. பறந்துவிட்டது. பார்த்தீர்களா என்கிற மாதிரி அவர் குருவின் பக்கம் திரும்பினார். குரு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

“மேடம், படம் ஓடுது.”

“தெரியும். சத்தம் வரலையே, கூட்டி வைங்க. கேக்கணும்.”

“சத்தத்தை நிறுத்திட்டுத்தான் பாப்பேன் மேடம். ஓயாமக் கத்துதுல்லா, தலைவலி வந்திருது.”

“கூட்டுங்க.”

கூட்டினார். அறை முழுக்க ஒரே இரைச்சல். ஹெப்சிபா அடுத்த வீடியோவைக் கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டார். பிறகு சமையல்கூடத்து வீடியோ ஒன்றைப் போடச் சொன்னார். அதில் பறவைகள் மெதுவாக, தங்களுக்குள் கதை பேசுகிற மாதிரி முனகிக்கொண்டிருந்தன.

இரண்டும் வேறு வேறு சத்தம் என்பது குற்றாலிங்கத்துக்கு அப்போதுதான் காதில் ஏறியது. தவிட்டுக்குருவி என்றால் கத்தத்தானே செய்யும் என்று விட்டிருந்தார் மனுஷன்.

“ஓடைக்கரையில குழாயைக் கொண்டு வைக்கிறது யாரு?” என்றார் ஹெப்சிபா.

“நான்தான்.”

“மறைப்புக் கூடாரத்துக்குள்ள இருந்து பாக்கறது?”

“நான்தான் மேடம். எல்லாமே நான்தான். ஒரே ஆளு, ஒரே தொப்பி, ஒரே குழாய், ஒரே நேரம். வேற ஒருத்தர் கை படல. எடை போடுத ஆள் மாறினா எடை மாறிரும்னு எனக்குத் தெரியாதா?” சொல்லும்போது அவருக்கு மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. உண்மையாகவே அதில் அவருக்குப் பெருமை.

“நீங்க கூடாரத்துக்குள்ள போறதை அவங்க, ஓடைக்கரைக் குருவிக, பாத்துக்கிட்டுத்தான இருந்திருப்பாங்க?”

“பாத்திருக்கும். உள்ள போயிட்டா ஆள் தெரியாதுல்லா.”

ஹெப்சிபா சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, நான் இந்தக் கதவுக்குப் பின்னால போய் நின்னா, நான் இங்க இல்லன்னு நெனைப்பீங்களா?”

குற்றாலிங்கத்துக்கு முகம் சிறுத்துப் போயிற்று.

“காலுக்கு வளையம் போட்டது யாரு?”

ஒவ்வொரு பறவையையும் அடையாளம் தெரிந்துகொள்ள, காலில் வண்ண வளையம் போடுவது வழக்கம். அதற்கு வலை கட்டிப் பிடிக்க வேண்டும். சமையல்கூடத்துக் கூட்டத்துக்கு வளையம் போட்டவர் முன்பு இங்கே படித்த ஒரு மாணவர். படிப்பை முடித்து அவர் எங்கோ வெளிநாடு போய்விட்டார். ஓடைக்கரைக் கூட்டத்தைப் பிடித்தது குற்றாலிங்கம்.

“நான் பிடிச்சேன். ஆனா மேடம், பூப் போலப் பிடிச்சேன். ஒரு இறகு உதிரல. கையில வச்சிருந்தப்ப நெஞ்சு துடிக்கிறதைப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிட்டு.”

“உங்க கை மெதுவான கைதான். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

குற்றாலிங்கமும் லேசுப்பட்ட ஆளில்லை. கடைக்காரர்களிடம் மல்லுக்கட்டியே காலம் தள்ளியவர். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“அப்படியே வச்சுக்கிட்டாலும் மேடம், நான் வலை கட்டினதுக்கு அப்புறம் பொறந்த குஞ்சுகள் இருக்கு. வளையமில்லாத குஞ்சுகள். அதுகளை நான் தொட்டதே இல்ல. அதுகளும்தான் தோத்துது. அதுக்கு என்ன சொல்லுதீங்க?”

கேள்வி கேட்டாயிற்று. வேலை வந்தது.

“நாளைக்கு விடியுமுன்ன, அதுக முழிக்கிறதுக்கு முன்னாடி, விளக்கில்லாமப் போய் கூடாரத்துக்குள்ள உக்காந்துருங்க. தும்மக்கூடக் கூடாது. குழாயை நான் கொண்டு வாரேன்.”

மறுநாள் குற்றாலிங்கம் போய் உட்கார்ந்தார். ஆய்வேட்டுப் பையையும் கூடவே கொண்டு போனார். எதற்கு என்று அவருக்கே தெரியாது, விட்டு வர மனசில்லை. கொசு பிய்த்து எடுத்தது. விடிந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கத்து மூங்கில் புதரில் பேச்சுச் சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுதும் தத்தித் தத்தி இந்தக் கரைக்கு வந்து சருகைப் புரட்ட ஆரம்பித்தது. அப்போது ஹெப்சிபா வந்தார். நேராக நடந்து வந்து குழாயை வைத்தார். புழுவைப் போட்டார். பத்தடி தள்ளி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். மறைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது சிவப்பு வளையக்காரி. ஓடைக்கரைக் கூட்டத்திலேயே மகா மந்தம் என்று குற்றாலிங்கம் தனியாக ஒரு பத்தியே எழுதிவைத்திருந்த பறவை. குழாய்க்கு முன்னால் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். சாவகாசமாகப் பக்கவாட்டில் சுற்றிப் போனாள். புழுவை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அடி சக்கை என்று கத்தாமல் வாயைப் பொத்திக்கொண்டார் குற்றாலிங்கம்.

ஹெப்சிபா இன்னொரு புழு போட்டார். வேறு ஒன்று வந்தது, எடுத்தது. பிறகு வளையமில்லாத குஞ்சு ஒன்று வந்து கண்ணாடியில் ஒரு தடவை முட்டிக்கொண்டது. முட்டியதும் தன்மேலேயே கோபம் வந்த மாதிரி ஒரு சிலுப்பு சிலுப்பியது. அதுவும் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டது. கூட்டம் முழுக்க அந்த மெல்லிய கதைபேச்சு. மூன்று வருஷத்தில் இந்தக் கரையில் அந்தச் சத்தத்தை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி உடம்பெல்லாம் பூரித்தது. அதற்குப் பிறகுதான் மடியில் இருந்த பை கனத்தது.

“அண்ணாச்சி, வெளிய வாங்க” என்றார் ஹெப்சிபா.

அவர் அசையவில்லை. வெளியே போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே போவதற்குக் கால் வரவில்லை.

“வாங்கண்ணாச்சி.”

துணியை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

ஒரே நொடிதான். மேல்கிளையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பறவை கரகரவென்று கத்தியது. தரையில் இருந்த அத்தனையும் மரத்துக்கு ஏறின. ஏறி ஓடிப் போகவில்லை. அவர் தலைக்கு மேலே கிளை கிளையாக உட்கார்ந்து, அவரைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தின. வீடியோவில் கேட்ட அதே இரைச்சல். பாறையில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தொப்பியைக் கழத்துங்க.”

கழற்றினார். முகம் நன்றாகத் தெரிந்தது. இரைச்சல் இரண்டு மடங்கானது. சிவப்பு வளையக்காரிக்குப் பக்கத்தில், அந்த வளையமில்லாத குஞ்சு, கண்ணாடியில் முட்டிக்கொண்ட அதே பொடியன், அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். குற்றாலிங்கத்துக்கு யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது.

“இவன் எதுக்கு மேடம் கத்துதான்? இவனை நான் என்ன செஞ்சேன்?”

“நீங்க உத்தியோகத்துல இருந்தப்ப பஜாருக்குள்ள நுழைஞ்சா என்ன நடக்கும்?”

“என்ன நடக்கும்? முதல் கடையில கால் வைக்குமுன்ன கடைசிக் கடை வரைக்கும் சேதி போயிரும். அத்தனை பேரும் முத்திரை குத்தின கல்லை எடுத்து வெளிய வச்சிருவான்.”

“முந்தின வாரம்தான் கடை திறந்தவன்? நீங்க ஒரு நாளும் அபராதம் போடாதவன்?”

“அவனும்தான் வைப்பான். பக்கத்துக் கடைக்காரன் சொல்லி...”

மேலே அந்தப் பொடியன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையைத் தாண்டி மூங்கில் பக்கம் போனது. போகிற வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே போனது. குற்றாலிங்கம் கீழே உட்கார்ந்தார். ஹெப்சிபா பாறையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் இதுல பங்கு உண்டு அண்ணாச்சி” என்றார். “உங்க சுத்தத்தைப் பாத்து நம்பிட்டேன். முதல் வருஷமே ஒரு நாள் கூட வந்து நின்னிருக்கணும்.”

அவர் பையை நெருடிக்கொண்டிருந்தார். பிறகு, தரையைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்.

“தேர்வாளர் யாராவது இதைக் கண்டுபிடிப்பாங்களா மேடம்?”

“மாட்டாங்க.”

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்க?”

“அவங்க ஆய்வேட்டைப் படிக்க வாரவங்க. ஓடைக்கரைக்கு வார ஆட்கள் இல்ல. கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு. உங்க கணக்குல ஒரு புள்ளி பிசகாது.”

“நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?”

ஹெப்சிபா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “நீட்டுங்க” என்றார்.

குற்றாலிங்கம் ஆய்வேட்டை வெளியே எடுத்தார். நல்ல கனம். அட்டையில் தங்க எழுத்தில் அவர் பெயர். அதை மனைவியின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற காட்சியை அவர் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. நீட்டினால் முடிந்தது. பட்டம், சால்வை, சொந்தக்காரர்கள் வாய் அடைத்துப் போவது, எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

ஏட்டை மடியில் வைத்துப் பிரித்தார். சிவப்பு வளையக்காரியைப் பற்றிய பத்தி வந்தது. ‘கூட்டத்திலேயே மிகவும் மந்தமான பறவை’ என்று அவரே எழுதியது. இரண்டு தடவை படித்தார்.

“அந்தப் பேனாவைக் குடுங்க மேடம்.”

கொடுத்தார். குற்றாலிங்கம் அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்திலும் இழுத்தார். அதற்கடுத்த பக்கத்திலும். அத்தியாயம் முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. முடித்தபோது பக்கம் மங்கலாகத் தெரிந்தது. அழுகையா என்று கேட்டால், ஆமாம், அழுகைதான்.

“கெடு போயிரும்” என்றார்.

“கால நீட்டிப்புக்கு நான் எழுதுதேன். கொடுத்தாலும் கொடுப்பாங்க, கொடுக்காமலும் போவாங்க.”

“கொடுக்கலன்னா?”

“பட்டம் இல்ல.”

இப்படிப் பட்டென்று சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“இதையெல்லாம் அடிச்சாச்சு. மிச்சம் என்ன இருக்கு மேடம்? மூணு வருஷத்துல இதுக தேறின சோதனைன்னு நான் எதைக் காட்ட?”

“நீங்க வைக்காத ஒரு சோதனை இங்க நடந்திருக்கு. ஒருத்தர் முகத்தை ஞாபகம் வச்சிருக்கணும். வலையில பிடிபடாத பிள்ளைக்கும் அவரை அடையாளம் காட்டிக் கொடுக்கணும். அதுல எது தோத்துது?”

குற்றாலிங்கம் யோசித்தார். ஒவ்வொரு வளையமாக மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். பிறகு வளையமில்லாததுகளையும்.

“ஒண்ணுகூட இல்ல” என்றார்.

மூங்கில் பக்கமிருந்து எட்டிப் பார்த்த ஒரு தவிட்டுக்குருவி, இவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்தபோது அவருக்குப் பட்டம் போகிறதே என்பதைவிட இதுதான் பெரிய வேதனையாக இருந்தது. உயிரைக் கொடுத்து ஆசைப்பட்ட பறவை அவரைக் கண்டு ஒளிகிறது.

“நான் கெட்டவன் இல்லன்னு இதுகளுக்குத் தெரிய எவ்வளவு காலம் ஆகும் மேடம்?”

“எனக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

ஹெப்சிபா கண்ணாடிக் குழாயை எடுத்துத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கூடாரத் துணியையும் அவிழ்த்துச் சுருட்டினார்.

“நாளைக்குக் காலையில இதே இடத்துக்கு வாங்க. குழாய் வேண்டாம், மறைப்பு வேண்டாம். முகம் தெரிய, வெறுங்கையோட உக்காருங்க.”

“உக்காந்து?”

“சும்மா இருங்க அண்ணாச்சி. இனிமே சோதனையை அவங்க வைக்கட்டும்.”